திரௌபதை சிரித்ததால்தான் பாரதப் போர் வந்ததா? மீம்கள் ஒரு கதையை எப்படி மாற்றுகின்றன?

இலங்கையின் கிழக்கே பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்கு நேர்ந்து தீ மிதிக்கிறார்கள். அதே பக்கத்துப் பிள்ளைகளின் போனில், துரியோதனனைப் பார்த்து "குருடன் மகனும் குருடன்" என்று அவள் சிரித்ததுதான் போருக்கே காரணம் என்று மீம் ஓடுகிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துப் பார்த்தாலே தலைப்பிலுள்ள கேள்விக்கு விடை கிடைக்கும்.

புனே பண்டார்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் முடித்த மகாபாரதச் செம்பதிப்பில் (பல சுவடிகளை ஒப்பிட்டுச் செய்த பதிப்பில்) அந்த வசனமே இல்லை. சபா பருவத்தில் துரியோதனன் தண்ணீரில் விழுந்ததும் சிரிப்பவர்கள் வேலையாட்கள், வீமன், அருச்சுனன், நகுல சகாதேவர். திரௌபதை சிரித்தாள் என்பது பிறகு அவன் தகப்பனிடம் போய் வைக்கும் முறைப்பாட்டில்தான் வருகிறது. கதை சொல்பவர் சொன்னது வேறு, வயிறெரிந்தவன் சொன்னது வேறு. மீமுக்காக வெட்டும்போது முதலில் தொலைவது இதுதான்: யார் வாய்ச்சொல் என்பது. பிற்காலப் பாரதக் கதைகளில் அவள் சிரிப்பதும் உண்டு. அதைப் பொய்யென்று தள்ள வேண்டாம், எந்தப் பாரதம் என்று மட்டும் கேளுங்கள்.

கர்ணன் ரசிகர்கள் கொடையையும் கவசத்தையும் பகிர்வார்கள். சபையில் திரௌபதையின் துகிலை உரியச் சொன்னவன் அவன்தான் என்பதையும், கந்தர்வர்களிடம் தோற்றுத் துரியோதனனை விட்டு ஓடியதையும் விட்டுவிடுவார்கள். அருச்சுனன் பக்கத்தார் கர்ணனின் புதைந்த தேர்ச் சக்கரத்தைப் பேசமாட்டார்கள். பொய் சொல்லத் தேவையே இல்லை, விட்டுவிட்டால் போதும்.

நம்மட வடமோடிக் கூத்துக்கும் இதே கேடு வருகிறது. களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, வரும் அரசன் எவனென்றாலும் வரவில் (முதல் நுழைவில்) தன் பெருமையைத்தான் முழங்குவான், துரியோதனன் உட்பட. விடிய விடிய ஆடுகிற கூத்தில் அந்த 30 செக்கனை மட்டும் ரிக்ரொக்கில் போட்டால், பார்க்கிறவனுக்கு அவன்தான் கதாநாயகன்.

சரிபார்க்க, மீமின் வரியை அப்படியே கூகுளில் போடாதீர்கள். அதே மீமின் நகல்கள்தான் வரும். பருவத்தின் பெயரையும் சம்பவத்தையும் போட்டுத் தேடுங்கள். கங்குலியின் ஆங்கில மகாபாரத மொழிபெயர்ப்பு தமிழில் முழுதாக இணையத்தில் கிடைக்கிறது. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அத்தியாயம் வாசியுங்கள். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் சொல்லும் இடங்களில்தான் பெரும்பாலும் சிக்கல்.

கூத்துக் காணொளி போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரவோடு நிறுத்தாமல் எதிராளியின் தர்க்கம் வரும்வரை விடுங்கள். கூத்தின் பெயர், பாத்திரம், ஊர் மூன்றையும் காணொளிப் படத்தின் மேலேயே எழுதுங்கள். கீழே விவரத்தில் எழுதினால் அடுத்தவர் பகிரும்போது கழன்றுவிடும்.