முட்டைக்கண் கண்ணாடி

கேள்வி: எனக்கு பிளஸ் 6 பவர். கண்ணாடி போட்டால் முட்டைக்கண் ஆகிறது. கடையில் ‘ஆஸ்பெரிக்’ போடச் சொல்கிறார்கள். போடலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: போடுங்கள் தாயே. சாதாரண லென்ஸ் பந்தில் சீவியெடுத்த வில்லை மாதிரி, எங்கும் ஒரே வளைவு. ஆஸ்பெரிக்கில் ஓரம் போகப் போக வளைவு தணியும். அதனால் தட்டையாகும், நடுக்கனம் குறையும், கண்ணும் கொஞ்சம் அடங்கித் தெரியும். ஜன்னல் கம்பியை அதன் வழியே பாருங்கள், ஓரத்தில் அவ்வளவாக வளையாது.

ஒன்று மட்டும்: ஃபிரேமை மாட்டியபடியே கருவிழி மையத்தை அளந்து புள்ளி வைக்கச் சொல்லுங்கள். என் சித்தப்பாவுக்கு அளக்காமல் மாட்டிவிட்டார்கள். இரண்டு வாரம் படியிறங்கவே பயந்தார்.

1966-இல் ஜெர்மன் கேமரா கம்பெனி லைக்காவின் நாக்டிலக்ஸ் என்ற கேமரா லென்ஸுக்கு இந்த வளைவைக் கையால் தேய்த்தார்கள். இன்று உங்கள் செல்போன் கேமராவில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக்காகவே இருக்கிறது.