எண்ணெய் எங்கே விடணும், எங்கே விடக்கூடாது? உராய்வு பற்றி ஒரு கேள்வி பதில்

கேள்வி: சார், பைக்கில் பின் பிரேக்கை மிதித்தால் கீச்சென்று சத்தம். டிரம் பிரேக்தான். ரெண்டு சொட்டு ஆயில் விடலாமா?

விடவே விடாதீங்க. பிரேக் பிடிப்பதே உராய்வால்தான். லைனிங் (டிரம்மின் உட்பக்கத்தில் உரசும் பட்டை) எண்ணெயைக் குடித்துவிட்டால் துடைத்தாலும் முழுசாகப் போகாது, அது ஒட்டியிருக்கும் ஷூவையே மாற்றணும்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: சூட்டில் லைனிங்கின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும், கூடவே தூசியும் சேரும். சக்கரத்தைக் கழற்றி, 100 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்க. பளபளப்பு போய் மங்கலானால் போதும். அந்தத் தூசியை வாயால் ஊதக்கூடாது, நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைத்தெடுங்க. உள்ளே கிரீஸ் படலாம் என்றால் ஷூவை விரிக்கும் கேமிலும், எதிர்ப்பக்க முளையிலும் மட்டும். அங்கேயும் ஒரு பயறு அளவுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: டயர் புதுசு. ஆனாலும் முதல் மழையில் வழுக்குது. நல்லா கொட்டித் தீர்த்த பிறகு அவ்வளவு வழுக்கலை. ஏன் அண்ணா?

வெயில் காலம் முழுக்க ரோட்டில் சிந்திய ஆயில், டயர் ரப்பர்த் துகள், புழுதி எல்லாம் படிந்து கிடக்கும். தூறல் விழுந்ததும் அது குழைந்து பசையாகிவிடும். பெருமழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

கணக்காகப் பாருங்க. 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால், காய்ந்த ரோட்டில் (உராய்வு எண், அதாவது பிடிப்பின் அளவு, 0.7 என்று வைத்தால்) வண்டி நிற்க 9 மீட்டர். ஈர ரோட்டில் (0.4) 16 மீட்டர். அந்தப் பசை மேல் 0.25 ஆகக் குறைந்தால் 25 மீட்டர். நீங்கள் சுதாரிப்பதற்குள் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. அதுவே ஒரு நொடிக்கு 11 மீட்டர். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் பிடிப்பு இன்னும் குறையும், திருப்பவும் முடியாது. அதனால் பிரேக்கைச் சட்டென்று இறுக்காமல் படிப்படியாக அழுத்துங்க.

கேள்வி: அம்மாவின் கால் மிதி தையல் மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய்தான் விடுறோம். இப்போ மிதிக்கவே கனமா இருக்கு.

காரணம் அந்த எண்ணெயேதான். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலில் பார்த்திருப்பீங்க. நாளாக ஆக நூல் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி இறுகியும் விடும்.

முதலில் நூலை எடுத்துவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் காலை (பிரஷர் ஃபுட்) தூக்கி வையுங்க. எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு மூன்று நிமிஷம் ஓட்டுங்க. பழுப்பாகக் கசிவதைத் துடையுங்க. சுத்தமாக வரும்வரை திரும்பச் செய்யுங்க. கடைசியில் தையல் மிஷின் எண்ணெய் துளைக்கு ஒரே சொட்டு. மண்ணெண்ணெயை அப்படியே விட்டுவிட்டால் உலோகம் உலோகத்தோடு உரசித் தேயும். பிறகு பழைய துணியில் நாலு வரி தைத்து, கறை படுகிறதா பாருங்க.

பெல்ட்டிலும் அது ஓடும் சக்கரப் பள்ளத்திலும் மட்டும் எண்ணெய் படக்கூடாது. பிடிப்பு போனால் நீங்கள் மிதிப்பீர்கள், மிஷின் ஓடாது.

கேள்வி: பரப்பளவு கூடினாலும் உராய்வு மாறாது என்று பாடத்தில் இருக்கு. நம்ப முடியலை. பிளஸ் ஒன் மாணவன்.

செங்கல்லைப் படுக்க வைத்தும் பக்கவாட்டில் நிறுத்தியும் ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பாருப்பா. ஏறக்குறைய ஒரே அளவுதான் காட்டும். 1699-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி அமோந்தோன் இதைச் சொல்லிவிட்டார். செங்கல்லும் தரையும் முழுசாகத் தொடுவதே இல்லை, மேடுகளின் நுனிகள்தான் தொடுகின்றன. அந்தத் தொடுபரப்பைத் தீர்மானிப்பது எடை. ரப்பர் நெகிழ்ந்து கொடுப்பதால் இந்த விதிக்கு அவ்வளவாக அடங்காது, டயரை வைத்து மட்டும் சோதிக்காதே.

கேள்வி: துறைமுகத்தில் ஒரே ஆள் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிப் பிடித்தே பெரிய படகை நிறுத்துறாரே, எப்படி?

ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிப்பு பல மடங்காகப் பெருகிக்கொண்டே போகும். உராய்வு எண் 0.3 என்றால் ஒரு சுற்றுக்கு 6.6 மடங்கு, மூன்று சுற்றுக்குச் சுமார் 285 மடங்கு. கையில் 5 கிலோ இழுப்பு கொடுத்தால் மறுமுனையில் 1,400 கிலோ இழுப்பு தாங்கும். வழவழப்பான நைலான் கயிறு என்றால் கூடுதலாக ஒரு சுற்று போடணும். சுற்றின் மேல் சுற்று ஏறக்கூடாது, ஏறினால் சிக்கிக்கொள்ளும், அவசரத்துக்கு அவிழ்க்க வராது. கை கம்பத்திலிருந்து ஒரு முழமாவது தள்ளியே இருக்கட்டும்.