ஹோம் கட்ட வேண்டாம் தம்பி

வணக்கம் அக்கா,

திண்டுக்கல் பக்கத்துல ஒரு டவுன்ல இருந்து எழுதுறேன். எங்க ஊர் சேவை கிளப்புக்கு ஜூலைல இருந்து நான்தான் பிரசிடெண்ட். நாற்பது மெம்பருக்கு மேல இருக்கோம், மில் வச்சிருக்கவங்க, டாக்டர், ஆடிட்டர், லாட்ஜ் ஓனர், ரிட்டையர்டு ஹெச்எம்னு எல்லா தரப்பும் உண்டு. வருஷா வருஷம் கண் கேம்ப், ரத்த தானம், மரக்கன்றுன்னு போயிட்டிருக்கு. இந்த வருஷம் குழந்தைக் கடத்தலுக்கு எதிரா உருப்படியா ஏதாவது செய்யணும்னு ஆசைப்படுறேன். ஜூலை 30, ஆள் கடத்தலுக்கு எதிரான உலக நாளன்னைக்கு ஒரு ஊர்வலம், ஸ்கூல் ஸ்கூலா போய் "தெரியாதவங்க சாக்லேட் குடுத்தா வாங்காதீங்க"ன்னு பேசுறது, அப்புறம் மீட்ட பிள்ளைங்களுக்காக ஒரு ஹோம், அதுக்கு ஒரு மெம்பர் இடம் குடுக்க ரெடியா இருக்கார். ஆனா சீனியர் மெம்பர்ஸ் சில பேர் இது போலீஸ் வேலைப்பா, நமக்கு எதுக்குங்கிறாங்க. நீங்க மீட்ட பிள்ளைங்க விஷயத்துல முடிவெடுக்குற குழந்தைகள் நலக் குழுவுல இருந்தவங்க, உங்க கருத்து வேணும். ஊர்வலத்துக்கும் நீங்க கண்டிப்பா வரணும். என் பேரும் கிளப் பேரும் போட வேண்டாம்.

*

தம்பிக்கு வணக்கம்.

பேரு, ஊரு எல்லாம் எடுத்துட்டேன். இதே கேள்வியோட வேற கிளப்காரங்களும் எழுதுறாங்க, அதனால பதிலை எல்லாருக்குமா சேர்த்தே எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

முதல்ல ஹோம். அது வேண்டாம். இடம் குடுக்குறேன்னு சொன்னவருக்கு நல்ல மனசு, அதை நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லுங்க, ஆனா கட்டடம் வேண்டாம். சிறார் நீதிச் சட்டம் 2015 தெளிவா சொல்லுது, பிள்ளையை இல்லத்துல வைக்கிறது எல்லா வழியும் அடைபட்ட பிறகு எடுக்க வேண்டிய கடைசி முடிவுன்னு. மீட்டு வர்ற பிள்ளைங்கள்ல முக்காவாசி பேருக்கு அப்பாவோ அம்மாவோ பாட்டியோ இருக்காங்க, அந்த வீடு பிள்ளையை வச்சுக்க முடியுற நிலைமைக்கு வரணும், அதுக்குத்தான் காசு வேணும். ஹோம்னு ஒண்ணு கட்டிட்டா அப்புறம் கட்டில் காலியா கிடக்கக் கூடாது, டோனர் வந்தா பிள்ளைங்களைக் காட்டணும், அந்த அழுத்தத்துலதான் தப்பு ஆரம்பிக்குது. 2010ல என்ன நடந்துச்சுன்னு நிறைய பேர் மறந்துட்டாங்க. மணிப்பூர், அசாம்ல இருந்து நல்லா படிக்க வைக்கிறோம்னு சொல்லி கூட்டிட்டு வந்த பிள்ளைங்களை நம்ம மாநிலத்து ஹோம்கள்ல இருந்தும் கேரளாவுல இருந்தும் மீட்டாங்க, சுப்ரீம் கோர்ட் தலையிட்டு 12 வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்களைப் படிப்புன்னு சொல்லி வெளி மாநிலத்துக்கு அனுப்பக் கூடாதுன்னு அந்த ரெண்டு மாநிலத்துக்கும் உத்தரவு போட்டுச்சு. மாமல்லபுரம் பக்கம் ஹோம்ல பிள்ளைங்களுக்கு நடந்த கொடுமைல இருந்து 2007ல ஆரம்பிச்ச வழக்குலதான் 2017 மே மாசம் எல்லா இல்லத்தையும் பதிவு பண்ணியே ஆகணும்னு நாடு முழுக்க கெடு வச்சாங்க. 2021ல மதுரைல ஒரு காப்பகத்துல, குழந்தை கொரோனால இறந்துடுச்சுன்னு பொய்க் கணக்கு காட்டி குழந்தையையே வித்துட்டாங்க. இந்த மாதிரி இடங்களுக்கும் பிறந்தநாள் சாப்பாடு, அரிசி மூட்டைன்னு குடுக்குறது நல்ல மனசுக்காரங்கதான், உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க அவங்களுக்கு வழி இல்ல. உங்க கிளப்ப அந்த இடத்துல கொண்டு போய் நிறுத்தாதீங்க.

அடுத்தது சாக்லேட் பேச்சு. இதை நான் கோவமாவே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழில பிள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்துச்சுன்னு ஊரே கூடி அடிச்சதுல ஒரு வயசான அம்மா செத்துப் போனாங்க. வாட்ஸ்அப்ல சுத்துன பிள்ளை பிடிக்கிற கும்பல் கதையாலதான் அது நடந்துச்சு. நாமளே ஸ்கூல் மேடைல ஏறி அதே பயத்தை ஊதிவிடக் கூடாது. அதைவிட முக்கியம், நான் பார்த்த வரைக்கும் பிள்ளை போறது தெரியாத ஆளோட இல்ல. சித்தப்பா முறை ஆகுறவர், பக்கத்துத் தெரு அக்கா, போன வருஷம் அதே வேலைக்குப் போயிட்டு புது போனோட வந்த அண்ணன், இவங்கதான் கூட்டிட்டுப் போறாங்க. அம்மாவே பஸ் ஏத்தி விடுறாங்க, ஏன்னா முன்பணம் வாங்கியாச்சு, ஆஸ்பத்திரிக் கடனோ கல்யாணக் கடனோ தலைக்கு மேல நிக்குது. பிள்ளையே போறேன்னு சொல்லிருக்கும், அதனால இது கடத்தலே இல்லன்னு ஸ்டேஷன்லயே நம்மகிட்ட சொல்லுவாங்க. சுரண்டுறதுக்காக ஒரு பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா அந்தப் பிள்ளை சம்மதிச்சுச்சா இல்லையாங்கிற பேச்சுக்கே இடமில்ல, ஆள் கடத்தலைத் தடுக்க 2000த்துல ஐ.நா. கொண்டு வந்த பலெர்மோ நெறிமுறைலயே இது இருக்கு, ஐபிசிக்குப் பதிலா வந்த நம்ம நியாய சன்ஹிதா 143வது பிரிவும் பாதிக்கப்பட்டவரோட சம்மதம் செல்லாதுன்னு சொல்லுது. ஸ்கூல்ல பேசணும்னா இதைப் பேசுங்க, முன்பணம் வாங்கிட்டு பிள்ளையை அனுப்புற வீட்டுப் பெத்தவங்ககிட்ட பேசுங்க.

நீங்க இருக்குற பகுதியவே எடுத்துக்கோங்க. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி பக்கத்துக் கிராமங்கள்ல இருந்து பசங்க மகாராஷ்டிரா, குஜராத்னு முறுக்கு கம்பெனிக்குப் போறாங்க, கம்பெனி நடத்துறவர்ல பாதிப்பேர் நம்ம பக்கத்து ஆளுங்கதான். விடிகாலைல இருந்து ராத்திரி வரைக்கும் கொதிக்கிற எண்ணெய் முன்னாடி. டெல்டா பக்கம் போனா ஆட்டுக் கிடைல பசங்க, கஜா புயல் அடிச்ச 2018க்கு அப்புறம் அங்க கூலி வேலையும் போயி பிள்ளைங்களை ஆடு மேய்க்க அடகு வச்ச குடும்பங்கள் வெளிய தெரிய வந்துச்சு. உங்க மாவட்டத்துல மில்லு. மூணு வருஷம் வேலை பார்த்தா கல்யாணத்துக்கு மொத்தமா பணம்னு சொல்லி ஹாஸ்டல்ல வச்ச சுமங்கலித் திட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. இப்ப அந்தப் பேரை யாரும் சொல்றதில்ல, ஆனா வயசு குறைஞ்ச பிள்ளைங்க வர்றது நின்னு போச்சுன்னு நான் நம்பல, ஒடிசா, ஜார்கண்ட்ல இருந்து வர்ற பிள்ளைங்க இன்னும் மோசமான நிலைமைல இருக்காங்க, மொழி தெரியாது, யார்கிட்ட போய் சொல்லும்?

அதனாலதான் சொல்றேன், உங்க கிளப்போட பலம் உண்டியல்ல இல்ல, மெம்பர் லிஸ்ட்ல இருக்கு. மில் ஓனர்ஸ் எல்லாரையும் ஒரு நாள் உக்கார வைங்க. ஆள் எடுக்கும்போது ஆதார் கார்டை மட்டும் பார்த்து எடுக்குறதை நிறுத்தச் சொல்லுங்க, ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே 2024ல சொல்லிருச்சு, ஏஜெண்டுங்க பிறந்த வருஷத்தை மாத்தித்தான் கொண்டு வர்றாங்க. ஸ்கூல் டிசி கேளுங்க, அது இல்லன்னா உள்ளாட்சி குடுத்த பிறப்புச் சான்றிதழ் கேளுங்க. ஏஜெண்டுக்கு தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் குடுக்குறதை முழுசா விட்டுடணும். ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு கைல போன் இருக்கணும், ஞாயித்துக்கிழமை வெளிய போக விடணும். இதுக்கு உங்க மெம்பர்கள்லயே ரெண்டு மூணு பேர் முகம் சுளிப்பாங்க. அந்த மனஸ்தாபத்தைத் தாங்கத் தயாரா இல்லன்னா இந்த ப்ராஜெக்ட்ட எடுக்காதீங்க தம்பி, கண் கேம்ப்பே நடத்துங்க, அதுவும் நல்ல வேலைதான். லாட்ஜ் வச்சிருக்கவர் சின்னப் பிள்ளைங்களோட ரூம் கேக்குறவங்ககிட்ட எல்லாருக்கும் ஐடி வாங்கணும், உறவு என்னன்னு கேக்கணும், சந்தேகம்னா அப்பவே போன் அடிக்கணும். ஆடிட்டருக்கு சம்பள ரெஜிஸ்டர் பார்த்தாலே தெரியும். டாக்டர்கிட்ட கைல எண்ணெய் தெறிச்ச காயத்தோட 13 வயசுப் பையன் வந்தா மருந்து போட்டு அனுப்பிட்டா போதாது.

அந்த ரிட்டையர்டு ஹெச்எம்தான் உங்க கிளப்லயே பெரிய சொத்துன்னு நான் சொல்லுவேன். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழான்னு லீவு முடிஞ்சதும் எந்தப் பிள்ளை வரலன்னு அந்தந்த ஸ்கூல் டீச்சருக்குத் தெரியும், கல்வித்துறையோட மாணவர் பதிவான எமிஸ்ல பேர் இருக்கும், பெஞ்சுல பிள்ளை இருக்காது. அந்த வாரமே ஒருத்தர் வீட்டுக்குப் போனா பாதி பிள்ளைங்களைத் திருப்பிக் கொண்டாந்துரலாம், மூணு மாசம் ஆச்சுன்னா பிள்ளை எந்த மாநிலத்துல இருக்குன்னே தெரியாது. பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து கிராம குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்கணும், பல இடத்துல பேப்பர்லதான் இருக்கு, அதை மாசம் ஒரு தடவை உண்மையாவே கூட வைக்க ஹெச்எம் மாதிரி ஒருத்தர் போதும்.

போலீஸ் வேலைன்னு சொல்ற சீனியர்ஸ் ஒரு விஷயத்துல சரியாத்தான் சொல்றாங்க. மீட்கப் போறது உங்க வேலை இல்ல. நாலு கார்ல போய் கம்பெனி வாசல்ல நின்னீங்கன்னா அன்னைக்கு ராத்திரியே பிள்ளைங்களை வேற இடத்துக்கு மாத்திடுவாங்க, சாட்சியும் போச்சு. தகவல் கிடைச்சா குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மனிதக் கடத்தல் தடுப்புப் பிரிவு, இவங்களுக்குச் சொல்லுங்க. பிள்ளையை 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்திடணும், பயண நேரம் மட்டும்தான் அதுல சேராது.

ஆனா அதுக்கு அப்புறம்? அங்கதான் யாருமே இல்ல தம்பி. குழுவுல உக்காந்து நான் பார்த்து பார்த்து நொந்து போனது இதுதான், மீட்ட அன்னைக்கு எல்லாரும் வருவாங்க, பேப்பர்ல வரும், ஆறு மாசம் கழிச்சு அதே பையன் அதே ஏஜெண்டோட போயிருப்பான், ஏன்னா முன்பணக் கடன் அப்படியே நிக்குது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 அந்தக் கடனையே ரத்து பண்ணுது, ஆனா கோட்டாட்சியரோ கலெக்டரோ விடுதலைச் சான்றிதழ் குடுத்தாத்தான் குடும்பம் தைரியமா அதைச் சொல்ல முடியும். சான்றிதழ் வந்தா உடனடி உதவியா 30,000 ரூபாய் வரைக்கும் கிடைக்கும், வழக்கு முடியணும்னு அவசியமில்ல. தண்டனை கிடைச்சா பிள்ளைக்கு 2 லட்சம், கடத்தல் மாதிரி கொடுமையான கேஸா இருந்தா 3 லட்சம். இந்தப் பணம் வராம போறதுக்குக் காரணம் பெரும்பாலும் சின்னது, பேங்க் அக்கவுண்ட் இல்ல, பேர்ல ஒரு எழுத்து மாறியிருக்கு, கோட்டாட்சியர் ஆபீஸுக்கு நாலு நடை நடக்க அந்த அம்மாவுக்கு கூலியை விட முடியல. இந்த நாலு நடையை உங்க மெம்பர் ஒருத்தர் கூடப் போய் நடந்தா அது எத்தனையோ ஊர்வலத்துக்குச் சமம். அதே கொத்தடிமைச் சட்டத்துல கண்காணிப்புக் குழுன்னு ஒண்ணு இருக்கு, மாவட்டத்துக்கும் கோட்டத்துக்கும், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சமூக சேவகருக்கு இடம் உண்டு, கலெக்டரும் கோட்டாட்சியரும் நியமிக்கிறாங்க. உங்க கிளப்ல இருந்து ஒருத்தர் பேரைக் குடுங்க, மில் ஓனரா இல்லாத ஒருத்தர். மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யால மாசம் 4,000 ரூபாய் ஸ்பான்சர்ஷிப் இருக்கு, தகுதி உள்ள பிள்ளை வீட்டோடயே இருந்து படிக்கலாம், அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி பண்ணிக் குடுக்க ஆள் வேணும்.

கேஸும் அப்படித்தான். குஜராத்ல வழக்குன்னா சாட்சி சொல்ல அங்க போகணும்னு பயந்தே குடும்பம் சமாதானமா போயிடும். 2022ல சுப்ரீம் கோர்ட் வழி பண்ணிருக்கு, வேற மாநிலத்துல இருக்குற பிள்ளை சாட்சி தன் மாவட்டத்துல இருந்தே வீடியோல சொல்லலாம். இது குடும்பத்துக்குத் தெரியாது, உங்க கிளப் வக்கீல் ஒரு மனு எழுதி அரசு வக்கீல்கிட்ட பேசினா போதும்.

அப்புறம் போட்டோ. மீட்ட பிள்ளை கைல நோட்டுப் புத்தகம் குடுத்து பேனர் முன்னாடி நிக்க வச்சு படம் எடுத்து போடாதீங்க, முகத்தை மறைச்சாலும் ஊர், ஸ்கூல் பேர் தெரிஞ்சாலே அடையாளம் போயிடும். சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவுல ஆறு மாசம் வரை ஜெயில், இல்லன்னா 2 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்த்தும் வரலாம். சட்டத்தை விடுங்க, அந்தப் பொண்ணுக்கு பத்து வருஷம் கழிச்சு மாப்பிள்ளை பார்க்கும்போது அந்தப் படம் இன்னும் எங்கயாவது இருக்கும்.

ஊர்வலத்துக்கு நான் வரல, மன்னிச்சுக்கோங்க. மில் ஓனர்ஸ் கூட உக்கார்ற அன்னைக்கு கூப்பிடுங்க, எந்த வேலை இருந்தாலும் வர்றேன்.

கடைசியா ஒண்ணு. சர்வீஸ் கிளப்களால என்ன முடியும்னு கேக்குற உங்க சீனியர்ஸ்கிட்ட போலியோவைச் சொல்லுங்க. ரோட்டரி அதை 1985ல கைல எடுத்துச்சு, இந்தியால கடைசி கேஸ் 2011 ஜனவரில ஹௌரால, 2014 மார்ச்லதான் போலியோ இல்லாத பகுதின்னு சான்றிதழ் வந்துச்சு. நடுவுல எத்தனை பிரசிடெண்ட் மாறியிருப்பாங்க, வேலை மாறல. உங்க கிளப்ல ஜூன் மாசத்தோட எல்லா ப்ராஜெக்டும் முடிஞ்சுடும், ஒரு பிள்ளையோட கேஸ் மூணு நாலு வருஷம் இழுக்கும். அதனால கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல இருக்குற குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு முதல் தடவை போகும்போதே அடுத்த ரெண்டு வருஷம் பிரசிடெண்டா வரப்போறவங்களையும் கூட்டிட்டுப் போங்க, இந்த வருஷம் அஞ்சு குடும்பம் எடுத்தா அந்த அஞ்சு குடும்பத்தையும் பிள்ளைங்களுக்கு 18 வயசு ஆகுற வரைக்கும் விடமாட்டோம்னு மினிட்ஸ்ல எழுதி, மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க.

அன்புடன்,
அக்கா