பல்செட் போட்ட அம்மாவுக்கு ராத்திரி என்ன கொடுக்கலாம்?

76 வயசு அம்மா, புது பல்செட், ராத்திரியில ரசம் சாதம் தவிர எதையும் தொடுறதில்ல, இளைச்சுக்கிட்டே போறாங்கன்னு எழுதியிருந்தீங்க. ரசம் சாதத்தை நிறுத்த வேணாம், அதுக்குள்ளேயே பருப்பை ஏத்திடுங்க. என் மாமியாருக்கு நான் செய்யறது இதுதான்: அரை கப் பச்சரிசி, வாசம் வர வறுத்த பாசிப்பருப்பு அரை கப், 5 கப் தண்ணி, குக்கர்ல 5 விசில். சூட்டோட மத்தால மசிச்சு, ரசத்தை ஊத்தி, ஒரு ஸ்பூன் நெய். மிளகைப் பொடிச்சுத்தான் போடணும். முழு மிளகு பல்செட்டுக்கு அடியில சிக்குச்சுன்னா அன்னைக்குத் தட்டைத் தள்ளி வச்சிடுவாங்க (பட்ட அனுபவம்!).

சைவத்துல பி12 வைட்டமின் பெரும்பாலும் பால், தயிர் மாதிரி பால் பொருள்கள்லதான் கிடைக்கும். மத்தியானம் கெட்டித் தயிர் கொடுங்க. கிட்னி பிரச்சினை இருந்தா பருப்பு அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஈறு புண்ணா இருக்கான்னும் பாருங்க, பல்செட்டைச் சரிபண்ணாம சமையலை மட்டும் மாத்திப் பிரயோஜனமில்ல.