வெறும் வயிற்றில் எலுமிச்சை நீர், நடு இரவில் பல்வலி

கேள்வி: எனக்கு 44 வயது. எடை குறைவதற்காக ஓராண்டாகத் தினமும் காலையில் எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்த வெந்நீர் குடிக்கிறேன். குடித்ததும் பல் துலக்குகிறேன். பற்கள் கூசுகின்றன, மஞ்சளாகின்றன. இணையத்தில் பார்த்து எலுமிச்சைத் தோலில் சமையல் சோடா தொட்டுத் தேய்க்கிறேன். கால்சியம் மாத்திரையும் சாப்பிடுகிறேன். வலது கீழ்க் கடைவாய்ப் பல் மட்டும் சூடான காபி பட்டால் வெகுநேரம் வலிக்கிறது, சில இரவுகளில் தூக்கம் கலைகிறது. வலி மாத்திரை போட்டால் அடங்கிவிடும். என் அம்மாவுக்கு 50 வயதுக்குள் எல்லாப் பற்களும் ஆடி விழுந்து, பல் செட்டு வைத்தார்கள். எனக்கும் அப்படித்தான் ஆகுமா?

- வாசகி, ஈரோடு

பதில்: அம்மாவுக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பற்கள் ஆடி விழுந்தன என்றால் அது பெரும்பாலும் ஈறு நோய். பல்லைத் தாங்கும் எலும்பு பல ஆண்டுகளாகக் கரைந்திருக்கும். உங்களுக்குப் பல் ஆடுவதாகவோ ஈறில் ரத்தம் வருவதாகவோ நீங்கள் எழுதவில்லை. அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

நீங்கள் பயப்படாமல் எழுதியிருக்கும் ஒன்றுக்குத்தான் நான் பயப்படுகிறேன். அந்த வலது கடைவாய்ப் பல்.

குளிர்ந்த நீர் பட்டதும் சுள்ளென்று கூசி, சில நொடிகளில் மறைந்துவிட்டால் அது எனாமல் என்னும் மேலுறை தேய்ந்த பல்லின் கூச்சம். சூடான காபியை விழுங்கி வெகுநேரம் ஆன பிறகும் ஒரே பல் துடித்துக்கொண்டிருப்பது, எதுவும் படாமலே நள்ளிரவில் உங்களை எழுப்புவது, இது முற்றிலும் வேறு. பெரும்பாலும் சொத்தை உள்ளே இறங்கி, பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாய்களும் கொண்ட சதை வீங்கியிருக்கிறது. சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்குவதற்கு இடமில்லை. படுத்ததும் தலைக்கு ரத்தம் கூடுதலாக வருவதால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இரவில் வலி கூடுவது இதனால்தான். மேலே பார்த்தால் கடுகளவு கறுப்புப் புள்ளிதான் தெரியும். எக்ஸ்ரே எடுத்தால் அதன் கீழே பெரிய பள்ளம் இருக்கும்.

இதை வலி மாத்திரையால் அடக்கிக்கொண்டிருந்தால், ஒருநாள் வலி தானாகவே நின்றுவிடும். "கிராம்புத் தைலம் கேட்டுவிட்டது டாக்டர்" என்று அப்போது நிம்மதியோடு சொல்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். கேட்கவில்லை. நரம்பு செத்துவிட்டது. கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. கீழ்த் தாடையின் அடியில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமம் என்று வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சையே அடைத்துவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் சொத்தைப் பள்ளத்தை மூடாது. இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து பல்லைக் காப்பாற்ற இப்போது வாய்ப்பு அதிகம். தள்ளிப்போட்டால் பிடுங்குவது ஒன்றுதான் மிஞ்சும்.

இனி அந்த எலுமிச்சை நீர். வாயின் அமிலத்தன்மை ஏறி, பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2 முதல் 3 வரை. தண்ணீர் கலந்தாலும் அது அமிலம்தான். குடித்த கையோடு பிரஷ் போடும்போது, இளகிப்போன மேல்பரப்பை நீங்களே சுரண்டி எடுக்கிறீர்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் குடித்த ஒருவரின் வாயில், பழைய சிமென்ட் அடைப்பு மட்டும் தீவுபோல் எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அடைப்பு உயரவில்லை, சுற்றியிருந்த பல் கரைந்துவிட்டது. எனாமலுக்குக் கீழே இருக்கும் பகுதி இயல்பிலேயே மஞ்சள். நீங்கள் சோடாவும் எலுமிச்சைத் தோலும் வைத்துத் தேய்க்கத் தேய்க்க மேலுறை மெலிந்து, அந்த மஞ்சள் இன்னும் தெளிவாகத் தெரியும். தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். போன எனாமல் மறுபடி வளராது.

தேனுக்குச் சலுகை எதுவும் இல்லை. தேன், வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாமே வாயிலுள்ள கிருமிகளுக்கு இனிப்புதான். நாள் முழுவதும் எவ்வளவு சர்க்கரை என்பதைப்போலவே எத்தனை தடவை என்பதும் முக்கியம். இனிப்பு பட்ட ஒவ்வொரு முறையும் வாய் அமிலமாகி, உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். ஒரு தம்ளர் காபியை ஐந்து நிமிடத்தில் குடித்து முடிப்பவரைவிட, மேசையில் வைத்து ஒரு மணி நேரம் உறிஞ்சுபவரின் பல்தான் கெடும். காபியோடு பிஸ்கட்டும் சேர்ந்தால் அந்த மாவு கடைவாய்ப் பல் குழிகளில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இரவு பல் துலக்கிய பிறகு சர்க்கரை போட்ட பால் குடிப்பது எல்லாவற்றிலும் மோசம். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால் கழுவிவிட ஆளில்லை.

எலுமிச்சை நீர் குடித்தே ஆக வேண்டும் என்றால் ஒரே மூச்சில் குடித்து, வெறும் நீரால் வாய் கொப்பளியுங்கள். பல் துலக்குவதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். ஃபுளோரைடு உள்ள சாதாரணப் பற்பசை போதும்.

கால்சியம் மாத்திரை, முளைத்துவிட்ட பல்லைக் கெட்டியாக்காது. வேறு காரணத்துக்காக மருத்துவர் எழுதித் தந்திருந்தால் தொடருங்கள், பல்லுக்காக வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது, சூட்டில் வலிப்பதையும் இரவில் எழுப்புவதையும் முதலில் சொல்லுங்கள், மஞ்சள் நிறத்தைக் கடைசியில் சொன்னால் போதும். இதுவரை என்ன மாத்திரை, எத்தனை போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டே போங்கள். மரப்பு ஊசி போட்டால் உதடும் நாக்கும் சில மணி நேரம் உணர்வில்லாமல் இருக்கும். அதுவரை சூடான காபி வேண்டாம்.