செட்டிநாட்டு வீட்டுக் கொல்லையில் ஹாட் டப் வைக்கலாமா?

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு, கொல்லையில் காலி இடம், நாலு பேர் உட்காரும் ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிப்படும். ஆனால் மாடலைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பாருங்கள். 1,000 லிட்டர் தண்ணீரே ஒரு டன். டப்பின் எடையும் ஆட்களும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை டன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைக்காதீர்கள், விரிசல் விடும், ஈரக்காலுக்கு வழுக்கும். மண்ணைத் திமிசு போட்டுக் கெட்டித்து, கம்பி கட்டி நாலைந்து அங்குலக் கான்கிரீட் போடுங்கள். தெருவுக்குத் தெரு நீளும் வீடாக இருந்தால் பின்வாசல் வழியே கொண்டுவரலாம். நிலையின் அகலத்தை முதலில் அளந்துவிடுங்கள்.

பெரிய தலைவலி தண்ணீர்தான். உங்கள் வீட்டு கீசர் காயிலைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் அது உப்புத் தண்ணீர், டப்பின் ஹீட்டருக்கும் அதே கதி. தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வையுங்கள், இல்லாவிட்டால் ஓட்டிலிருந்து பிடித்த மழைத்தண்ணீரை வடிகட்டி ஊற்றுங்கள். எதுவானாலும் குளோரின் கட்டாயம், பிஎச் (அமில, கார அளவு) 7.2 முதல் 7.8க்குள் இருக்கட்டும்.

கரண்டுக்குத் தனி லைன், சரியான எர்த், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி. இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 28 டிகிரித் தண்ணீரை 38 ஆக்க ஏறக்குறைய 12 யூனிட் ஆகும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு நாலு மணி நேர வேலை. 40 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

அப்புறம், சித்திரை வெயிலில் ஹீட்டரே தேவைப்படாது. மேலே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுவிடுங்கள்.