பொத்தானை அமுக்காமலே பார்வையை அளக்க முடியுமா?

கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஃபீல்டு டெஸ்ட், அதாவது பார்வைப் பரப்பை அளக்கும் சோதனை, மீதான புகார்தான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

"அப்பாவுக்கு 71 வயசு, பாய் நெய்தவர். ஃபீல்டு டெஸ்ட் ரெண்டு தடவை எடுத்தும் 'நம்பகமில்லை'ன்னு எழுதிட்டாங்க. பொத்தானே இல்லாத சோதனை வந்திருக்காமே டாக்டர்?" – பத்தமடை வாசகர்

வந்திருக்கிறது. அதற்கு முன், அப்பா பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். இருட்டறையில் ஒரு கண்ணை மூடி, தாடையைத் தாங்கியில் வைத்து, நடுவிளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரத்தில் 0.2 விநாடி ஒரு புள்ளி மின்னும். தெரிந்தால் அமுக்க வேண்டும். வழக்கமான சோதனையில் 54 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு மங்கல் வரை தெரிகிறது என்று எந்திரம் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போகும். அதனால் நல்ல கண்ணுக்கும் ஏறக்குறையப் பாதிப் புள்ளிகள் தெரியாது. இதைப் பெரியவர்களிடம் யாரும் சொல்வதில்லை. அவர்களோ 'தெரியலையே' என்று பதறிக் குத்துமதிப்பாக அமுக்குவார்கள், இல்லாவிட்டால் அந்த இருட்டில் சொக்கிவிடுவார்கள். பயிற்சிக் காலத்தில் நானே உட்கார்ந்து பார்த்தேன். புள்ளியே வராத நேரத்தில் எந்திரச் சத்தத்துக்கு அமுக்கி மாட்டிக்கொண்டேன்.

புதிய வழியில் ஆளைக் கேட்பதில்லை, கண்ணையே கேட்கிறார்கள். வெளிச்சம் பட்டால் கண் பாப்பா சுருங்கும் அல்லவா? ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் டெட் மேடஸ் குழு அதை வைத்தே ஒரு கருவி செய்தது. பார்வைப் பரப்பின் பல இடங்களில் வெளிச்சம் மாறி மாறி மின்ன, அகச்சிவப்பு கேமரா இரண்டு பாப்பாவையும் படம் பிடிக்கும். எந்த இடத்து வெளிச்சத்துக்கு எவ்வளவு சுருங்கியது என்று கணினி பிரித்தெடுக்கும். ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டாலும் இரண்டு பாப்பாவும் சுருங்கும் என்பதால், ஒரு பாப்பா சரியாக வேலை செய்யாவிட்டாலும் மற்றது சாட்சி சொல்லும். அப்பா சும்மா நேரே பார்த்தால் போதும்.

இன்னொன்று மல்ட்டிஃபோகல் வி.இ.பி. பின்மண்டையில் மின்முனை ஒட்டி, பார்வைச் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று அளப்பது. நேரம் கூடுதலாகும். நம்ம ஊர் வழக்கப்படி தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தலை வாரிக்கொண்டு போனால் மின்முனை ஒட்டாது!

இவை வந்ததால் பழைய டெஸ்ட் ஓய்வு பெற்றுவிடவில்லை. பாப்பாவைச் சுருக்கும் பைலோகார்பின் சொட்டு, தொங்கிய இமை எல்லாம் பாப்பா சோதனையைக் குழப்பும். இங்கே எளிதில் கிடைப்பது ஃபீல்டு டெஸ்டும், கண் நரம்பின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேனும்தான். ஆகவே மூன்றாவது தடவையும் எடுங்கள். பழகப் பழக இந்த டெஸ்ட் திருந்தும். காலையில், தூக்கம் தெளிந்து, ஒரு டீ குடித்துவிட்டு அழைத்துப் போங்கள். சுருக்கமான சோதனை முறை உண்டா, ஒரு கண் முடிந்ததும் இளைப்பாற விடுவார்களா என்று கேளுங்கள். "பாதிப் புள்ளி தெரியாதுப்பா, அது சகஜம்" என்று காதில் போட்டு அனுப்புங்கள்.

"கண்ணாடி மைனஸ் 8. ஓசிடியில் சிவப்பாக வந்திருக்கிறது. கிளாக்கோமாதானா?" – கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

சிவப்பு நிறத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. தன்னிடம் பதிந்துள்ள இயல்பான கண்களோடு உங்கள் நரம்பிழைப் படலத்தின் தடிமனை ஒப்பிட்டுத்தான் எந்திரம் நிறம் போடுகிறது. அதிகக் கிட்டப்பார்வையில் கண்கோளம் நீண்டிருக்கும், படலமும் மெலிந்தே தெரியும். உங்களை உங்களோடே ஒப்பிட வேண்டும். சில மாதம் கழித்து எடுப்பது இதோடு ஒத்துப்போனால் ஆறுதல்தான். அதனால் இந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஓசிடிக்கும் பொத்தான் கிடையாது. ஆனால் அது அளப்பது நரம்பின் தடிமனை, பார்வையை அல்ல. பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள். அவற்றில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை போன பிறகுதான் ஃபீல்டு டெஸ்டில் குறை துலங்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆரம்பத்தில் ஓசிடி முந்திச் சொல்வது இதனால்தான். நோய் முற்றினால் கதை தலைகீழ்: படலம் இதற்கு மேல் மெலிய இடமிருக்காது, அப்போது ஃபீல்டு டெஸ்டே வழிகாட்டி.

"பீடி சுத்துதேன். நூல் கட்டுறதுல ஒரு பிசகு கெடையாது. அம்மாவுக்குக் கிளாக்கோமா இருந்துச்சு. எனக்கும் பாக்கணுமா?" – முக்கூடல் வாசகி, வயது 46

கட்டாயம் பார்க்கணும் அக்கா. பீடி உங்கள் மூக்குக்கு நேரே இருக்கிறது. நடுப்பார்வை கடைசி வரை தாக்குப்பிடிக்கும். இந்த நோய் ஓரத்திலிருந்துதான் அரிக்கும். ஒரு கண்ணின் ஓட்டையை மற்ற கண் மறைத்துவிடும், மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிவிடும். நிலைப்படியில் தோள் இடிப்பது, படித்துறையில் கடைசிப் படி தவறுவது எல்லாம் நோய் முற்றிய பிறகு வருபவை.

தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கிராமங்களில் 40 வயது தாண்டிய 5150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழு பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், 2.6 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அம்மாவுக்கு இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு இன்னும் பல மடங்கு. பாப்பாவை விரிக்கும் சொட்டு விடுவார்கள், சில மணி நேரம் கண் கூசும். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

"கண் பிரஷர் 15தான். பிறகு எதுக்குச் சொட்டு மருந்து?" – அம்பாசமுத்திரம்

10 முதல் 21 வரை என்பது பொதுக்கணக்கு. அந்த அளவுக்குள்ளேயே நரம்பு பட்டுப்போகும் கண்களும் உண்டு. கருவிழி மெலிந்தவர்களுக்கு அளவு உள்ளதை விடக் குறைத்தே காட்டும். சொட்டை நிறுத்தாதீர்கள் அண்ணாச்சி. இளைப்பு (ஆஸ்துமா) இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், டைமோலால் என்கிற சொட்டு ஆகாது.

"சிரசாசனம் செய்யலாமா?" – வள்ளியூர்

கிளாக்கோமா உள்ளவர்களுக்கு வேண்டாம். தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிறது.

"கண் அரிப்புக்கு மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு நல்லா கேட்குது. ஒரு வருஷமா நானும் போடுதேன், பேரனுக்கும் போடுதேன்." – நாங்குநேரி

இந்த வாரக் கடிதங்களில் என்னைப் பயமுறுத்தியது இதுதான். போட்டதும் 'நல்லா கேட்கும்' சொட்டுகளில் பல ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டால் சிலருக்கு வலியே இல்லாமல் கண் அழுத்தம் ஏறும். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் வேகமாக ஏறலாம். இரண்டு பேரும் இந்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள். குப்பியைக் கையோடு எடுத்துப் போங்கள், லேபிளில் பாதி எழுத்து அழிந்திருந்தாலும் பரவாயில்லை.